வென்றவர்கள் கலைக்காமல் விட்ட வீடு: சைகோன் சுதந்திர மாளிகை

வியட்நாமின் ஹோ சி மின் நகருக்கு, அதாவது பழைய சைகோனுக்கு, போகிறவர்கள் சுதந்திர மாளிகையைப் பெரும்பாலும் தவறவிடுவதில்லை. 12 ஹெக்டேர் தோட்டம், முன்னால் வட்டமான பெரிய புல்வெளி, அதற்குப் பின்னால் வெள்ளையாக நீண்டு நிற்கும் கட்டடம். 1975 ஏப்ரல் 30 அன்று வட வியட்நாம் டாங்கிகள் இரும்புக் கதவை இடித்துக்கொண்டு உள்ளே வந்த இடம் இது. வியட்நாம் போர் முடிந்ததைக் காட்டும் பல புகைப்படங்களின் பின்னணியில் இந்த முகப்பு இருக்கும்.

வருகிறவர்கள் கதவைப் பார்க்கிறார்கள், தோட்டத்தில் நிற்கும் டாங்கிகளோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள், அடித்தளத்து அறைகளில் இறங்கி ஏறுகிறார்கள், போய்விடுகிறார்கள். அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த வீட்டுக்கு இன்னொரு பாதி உண்டு. வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும் ஊரில், 1960-களில், ஒரு வியட்நாமியக் கட்டடக் கலைஞர் ஒரு நவீன மாளிகையை எப்படி மூச்சுவிட வைத்தார் என்பது அந்தப் பாதி. முதல் பாதிக்காகத்தான் இந்த வீடு காப்பாற்றப்பட்டது. இரண்டாவது பாதிக்காகவும் காப்பாற்றப்பட வேண்டியது என்பது என் துணிபு. அந்த இரண்டாவது பாதி வருகையாளருக்குச் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. இந்த ஆய்வு அதைப் பற்றியது.

பழைய மாளிகையும் ஒரு பிப்ரவரிக் காலையும்

இதே இடத்தில் முதலில் நின்றது நொரோடம் மாளிகை. பிரெஞ்சுக்காரர்கள் கொச்சின்சீனாவை, அதாவது வியட்நாமின் தென்பகுதியை, பிடித்த சில ஆண்டுகளிலேயே, 1868 பிப்ரவரியில், ஆளுநர் லா கிராந்தியேர் அதற்கு அடிக்கல் நாட்டினார். வரைந்தவர் எர்மித் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர். கம்போடிய அரசர் நொரோடமின் பெயரை வைத்தார்கள். மாளிகைக்கு முன்னால் நேராக ஓடும் அகலமான சாலைக்கும் அதே பெயர்தான். இன்று அது லே டுவான் சாலை. ஆளுகிறவர் உட்காரும் இடம் சாலையின் கோடியில் எல்லார் கண்ணிலும் பட வேண்டும் என்ற பிரெஞ்சு நகரமைப்புக் கணக்கு அது. கட்டடங்கள் மாறின, ஆட்சிகள் மாறின, அந்தச் சாலையின் கோடு மட்டும் இன்றுவரை மாறவில்லை.

1954-இல், நாட்டை வடக்கு, தெற்கு என்று பிரித்த ஜெனீவா ஒப்பந்தத்துக்குப் பின், பிரெஞ்சுக்காரர்கள் வெளியேறத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 7 அன்று மாளிகை தெற்கின் பிரதமராக இருந்த நியோ டின் டியெம் கைக்கு வந்தது. அவர் அதற்குச் சுதந்திர மாளிகை என்று பெயர் சூட்டினார். அடுத்த ஆண்டு தெற்கில் வியட்நாம் குடியரசை அறிவித்து அதன் தலைவராகவும் ஆனார்.

1962 பிப்ரவரி 27 காலையில் அவருடைய விமானப் படையைச் சேர்ந்த இரண்டு விமானிகளே மாளிகை மேல் குண்டு போட்டார்கள். மாளிகையின் ஒரு பக்கம் நொறுங்கியது. டியெம் இருந்த அறைக்குள் விழுந்த ஒரு குண்டு வெடிக்கவில்லை. அவர் உயிர் தப்பினார். விமானிகளில் ஒருவர் கம்போடியாவுக்குத் தப்பினார், மற்றவரின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு அவர் சிறைக்குப் போனார்.

சிதைந்த பக்கத்தை மட்டும் பழுது பார்க்காமல், மிச்சத்தையும் இடித்துவிட்டு அதே இடத்தில் புதிதாகக் கட்ட டியெம் முடிவு செய்தார். இந்த ஆய்வில் முதல் திருப்பம் இதுதான். பழையதை ஒட்டுப்போட்டிருந்தால் இன்று அங்கே இன்னொரு குடியேற்றக்கால மாளிகையைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். அந்த நகரத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை.

வரைந்தவர்

புதிய மாளிகையின் பொறுப்பு நியோ வியெட் துவிடம் போனது. பழைய அரசத் தலைநகரான ஹுவே பக்கத்துக்காரர். பாரிஸில் படித்தவர். 1955-இல், கலைஞர்களுக்கு பிரான்ஸ் வழங்கிவந்த ரோம் பெரும்பரிசின் முதலிடத்தை வென்ற முதல் வியட்நாமியர். அந்தப் பரிசு பெற்றவர்கள் ரோமில் உள்ள வில்லா மெடிசியில் சில ஆண்டுகள் தங்கி வேலை செய்வது வழக்கம், அவரும் தங்கினார். பிறகு நாடு திரும்பினார். 1962 ஜூலை 1 அன்று வேலை தொடங்கியபோது அவருக்கு வயது முப்பத்தைந்தைச் சுற்றித்தான்.

மாளிகை கட்டி முடியும்வரை ஒரு குடும்பம் தங்க வேறு இடம் வேண்டுமே. டியெம் பக்கத்திலிருந்த கியா லோங் மாளிகைக்குப் போனார். 1963 நவம்பர் 1 அன்று ராணுவத் தளபதிகள் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். மறுநாள் அவரும் அவருடைய தம்பியும் கொல்லப்பட்டார்கள். தான் கட்டச் சொன்ன வீட்டில் அவர் ஒருநாள்கூட வாழவில்லை. வேலை மட்டும் நிற்கவில்லை. அடுத்தடுத்து அரசுகள் கவிழ்ந்துகொண்டிருந்த காலத்திலும் கட்டடம் மேலே எழுந்துகொண்டே இருந்தது. 1966 அக்டோபர் 31 அன்று திறப்பு விழா. திறந்தவர், அப்போது ராணுவ ஆட்சிக்குத் தலைமை வகித்த நுயென் வான் தியூ. மறு ஆண்டு அவர் குடியரசுத் தலைவராகி இங்கே குடிவந்தார்.

26 மீட்டர் உயரம், சுமார் 20,000 சதுர மீட்டர் பரப்பு, ஏறத்தாழ 100 அறைகள். எண்களைக் கேட்டால் பிரம்மாண்டமாகத் தோன்றும். நேரில் நின்று பார்த்தால் கனமாகத் தெரியாது. அதற்குக் காரணம் முகப்புத்தான்.

கல் திரை

சைகோன் இருக்கும் அட்சரேகையும் நம் திருச்சியின் அட்சரேகையும் கிட்டத்தட்ட ஒன்றுதான், இரண்டும் 10.8 பாகைக்குப் பக்கத்தில். வெயில் எப்படி அடிக்கும் என்று தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. அதோடு, மே முதல் நவம்பர் வரை பிற்பகல்களில் மழை கொட்டும். இப்படிப்பட்ட ஊரில் கண்ணாடிப் பெட்டியாக ஒரு நவீனக் கட்டடத்தை எழுப்பினால் உள்ளே இருப்பவர் வெந்துபோவார். கெட்டியான சுவர் எழுப்பினால் காற்று வராது.

வியெட் து செய்தது இது. தலைவரின் அலுவல் அறைகள் இருக்கும் மாடியின் முகப்பு நெடுக, அறைகளுக்கு வெளியே ஒரு நீண்ட தாழ்வாரம் விட்டார். தாழ்வாரத்தின் வெளிவிளிம்பில் நெடுக்குவாட்டில் கல் துண்டுகளை வரிசையாக நிறுத்தினார். ஒவ்வொரு துண்டும் மூங்கில் கணு போல நடுவில் உப்பி, இரு முனையிலும் ஒடுங்கும். ஹுவே அரண்மனையின் மரக் கதவுகளிலிருந்து எடுத்த யோசனை அது. தூரத்திலிருந்து பார்த்தால் ஓர் அலங்காரத் திரை மாதிரி இருக்கும். அலங்காரம் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போய் அந்தத் தாழ்வாரத்தில் நின்றால்தான் அதன் வேலை புரியும்.

மாளிகை வடகிழக்கைப் பார்த்து நிற்கிறது. காலை வெயில் நேராக முகப்பில் அடிக்கும். அந்த வெயிலைக் கல் திரை துண்டு துண்டாக நறுக்கித் தாழ்வாரத்தின் தரையில் போடுகிறது. அறைச் சுவருக்கு வந்து சேர்வது வெளிச்சம் மட்டுமே, சூடு தாழ்வாரத்திலேயே தங்கிவிடுகிறது. திரையின் இடுக்குகள் வழியே காற்று வந்துகொண்டே இருக்கும். சாரல் அடித்தாலும் அறைக் கதவுகளைச் சாத்த வேண்டியதில்லை. உள்ளிருந்து பார்த்தால் புல்வெளியும் நேர்ச்சாலையும் தெரியும். தெருவிலிருந்து பார்ப்பவருக்கு உள்ளே இருப்பவர் தெரியமாட்டார். ஒரு நாட்டுத் தலைவரின் வீட்டுக்கு அதுவும் முக்கியம்.

நம் ஊரில் 60-களிலும் 70-களிலும் கட்டிய வீடுகளின் மாடிப்படிச் சுவரில் சிமெண்ட் ஜாலி வைத்திருப்பார்களே, அந்த அறிவின் மூத்த சகோதரம் இது. சைகோனின் அக்காலத்து அடுக்குமாடிகளிலும் கடைவீடுகளிலும் இதே வேலையைச் செய்யும் காற்றோட்டக் கற்களை இன்றும் பார்க்கலாம். மாளிகையில் குளிர்சாதன வசதியும் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது இல்லாமலும் நடமாடக்கூடிய வீடாக இதை வரைந்திருக்கிறார் என்பதுதான் விஷயம். பொதுவெளிகள், மாடிப்படி, தாழ்வாரங்கள் எல்லாம் வெறும் காற்றில் இயங்குகின்றன. மேல்மாடியில் குடும்பம் வாழ்ந்த அறைகளுக்கு நடுவே வானத்துக்குத் திறந்த ஒரு முற்றம் இருக்கிறது. முற்றம் வைத்த வீட்டில் வளர்ந்தவர்கள் அங்கே ஒரு நிமிடம் நின்றால் போதும், மிச்சத்தை உடம்பே சொல்லிவிடும்.

கட்டடத்துக்குள் சீன எழுத்துகளை ஒளித்து வைத்திருக்கிறார் வியெட் து என்பது வழிகாட்டிகள் விரும்பிச் சொல்லும் செய்தி. உண்மைதான். மேலிருந்து பார்த்தால் தரைவடிவம் நல்வாய்ப்பைக் குறிக்கும் எழுத்து. உச்சி மண்டபம் வாயைக் குறிக்கும் எழுத்து. கொடிக்கம்பத்தையும் சேர்த்துப் பார்த்தால் நடு என்ற எழுத்தாகிறது. முகப்பின் கிடைக்கோடுகள் மூன்று என்றும், நடுவில் ஒரு செங்குத்துக் கோடு சேரும்போது அரசு என்றும், மேலே கொடிக்கம்பமும் சேரும்போது இறையாண்மை என்றும் ஆகின்றன. திரையோடு முகப்பு முழுவதும் சேர்ந்தால் செழிப்பு. ஐரோப்பிய நவீனத்தைப் படித்துவிட்டு வந்தவர், தன் ஊர் மரபைக் கூரை வளைவாகவோ நாகச் சிற்பமாகவோ ஒட்டவைக்காமல் கட்டடத்தின் எலும்பிலேயே எழுதிப் பார்த்திருக்கிறார். எனக்கு இதில் மரியாதை உண்டு. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: யாராவது எடுத்துச் சொன்னால்தான் அந்த எழுத்துகள் தெரியும். நிழல் அப்படியில்லை, யாரும் சொல்லாமலே அது வந்து சேரும்.

வாழ்ந்த வீடு

1967 முதல் 1975 ஏப்ரல் 21 வரை தியூ குடும்பத்தோடு இங்கே இருந்தார். கீழே விருந்து மண்டபம், மாநாட்டு மண்டபம், அமைச்சரவைக் கூடம். மேலே தலைவரின் அலுவலறை, வரவேற்பறைகள், வெளிநாட்டுத் தூதர்கள் நற்சான்றுகளை ஒப்படைக்கும் அறை. அந்த அறையின் சுவரை நிறைத்து, 40 துண்டுகளால் ஆன பெரிய அரக்கு ஓவியம் ஒன்று இருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் மிங் படையை விரட்டிய பின் வெளியான வெற்றி அறிக்கையை அது காட்டுகிறது. தூதர் யாராக இருந்தாலும் அந்த ஓவியத்தின் முன்னால்தான் நிற்க வேண்டும். வெளியிலிருந்து வந்த படையைத் துரத்தியவர்கள் நாங்கள் என்று சுவர் சொல்ல, எதிரே அமெரிக்கத் தூதரும் அமர்ந்து பேசியிருக்கிறார்.

மேலே நூலகம், திரையரங்கு, சூதாட்ட அறை, தலைவரின் மனைவிக்கான வரவேற்பறை, மொட்டைமாடியில் ஹெலிகாப்டர் தளம். எல்லாவற்றுக்கும் உச்சியில் நாலு பக்கமும் திறந்த மண்டபம் ஒன்று. தலைவர் தனியாக உட்கார்ந்து யோசிக்க ஓர் அமைதியான இடம் என்று வியெட் து அதை நினைத்திருந்தார். அது பின்னால் விருந்துக்கும் நடனத்துக்குமான கூடமாகிவிட்டது. கட்டியவர் நினைத்ததும் வாழ்ந்தவர் செய்ததும் வேறு வேறாகப் போன இடங்களில் இது ஒன்று.

இன்னொரு பக்கம் அடித்தளம். 1962-இன் குண்டுவீச்சை மறக்காமல் கட்டிய வீடு இது. மேலே இருக்கும் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் நேர் எதிரான உலகம் கீழே. குறுகிய நடை, தாழ்ந்த கூரை, கான்கிரீட் சுவர். அறை அறையாக வானொலிக் கருவிகள், தட்டச்சு இயந்திரங்கள், பல நிறத் தொலைபேசிகள். போர்க்கள வரைபடங்கள் சுவரை அடைத்துத் தொங்குகின்றன. தலைவர் அவசரத்துக்குத் தங்க ஓர் அறை இருக்கிறது. அதில் ஒற்றைக் கட்டில் ஒன்று, பக்கத்தில் மேசை, தொலைபேசி. ஒரு நாட்டை ஆள்கிறவருக்கு அவ்வளவுதான் இடம். எதிர்ப்பக்கத்து அறைகளில் சமையற்கூடம். பெரிய எஃகுப் பாத்திரங்களும் மாவு பிசையும் இயந்திரமும் அப்படியே இருக்கின்றன.

ஏப்ரல் 1975

ஏப்ரல் 8 அன்று மறுபடி ஒரு குண்டுவீச்சு. தென் வியட்நாம் விமானப் படைக்குள்ளேயே இருந்து மறுபக்கத்துக்கு வேலை செய்த நுயென் தான் ட்ருங், எஃப்-5 விமானத்தில் வந்து குண்டு போட்டார். கூரை சேதமானது. மொட்டைமாடியில் அவை விழுந்த இடங்களை இன்று இரண்டு சிவப்பு வட்டங்களால் குறித்து வைத்திருக்கிறார்கள். வேறு பெரிய அறிவிப்பு ஒன்றும் கிடையாது. பக்கத்தில் நிற்கும் ஹெலிகாப்டரைப் படம் எடுக்கிற அவசரத்தில் அந்த வட்டங்களை மிதித்துக்கொண்டே போகிறவர்கள் உண்டு.

ஏப்ரல் 21 அன்று தியூ பதவி விலகினார். 28 அன்று டுவாங் வான் மின் தலைவரானார். 30 காலையில் அவர் சண்டையை நிறுத்தச் சொல்லி வானொலியில் அறிவித்துவிட்டு, அமைச்சர்களோடு மாளிகைக்குள் உட்கார்ந்து காத்திருந்தார். டாங்கிகள் வந்தன. 843 என்ற எண்ணுள்ள டாங்கி பக்கக் கதவில் மோதி நின்றது. 390 எண் டாங்கி நடுக்கதவைத் தள்ளிக்கொண்டு முதலில் உள்ளே போனது. 843-இன் தளபதி இறங்கி ஓடி, கூரையில் கொடியை ஏற்றினார். முதலில் நுழைந்தது 843 என்றுதான் பல ஆண்டுகள் எழுதிவந்தார்கள். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் பிரான்சுவாஸ் டெமுல்டெர் அன்று எடுத்திருந்த படங்கள் வெளிவந்த பிறகுதான் 390-க்கு உரிய இடம் கிடைத்தது. இன்று மாளிகைத் தோட்டத்தில் நிற்பவை அதே எண்கள் எழுதிய அதே வகை டாங்கிகள். உண்மையான இரண்டும் ஹனோயின் ராணுவ அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

ஏன் கலைக்கவில்லை?

தோற்றுப்போன ஆட்சியின் தலைவர் வாழ்ந்த வீட்டுக்கு உலகத்தில் பொதுவாக என்ன நடக்கும்? கொள்ளை போகும். எரியும். அல்லது புதிய தலைவர் குடியேறி, தன் விருப்பத்துக்கு மாற்றிவிடுவார். இங்கே மூன்றும் நடக்கவில்லை. இந்த ஆய்வின் மையம் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

முதல் காரணம், கட்டடத்துக்குள் சண்டை நடக்கவில்லை. உள்ளே இருந்தவர்கள் சரணடையக் காத்திருந்தார்கள், நொறுங்கியது கதவுதான். இரண்டாவது, சில நாட்களிலேயே இதற்கு வேலை வந்துவிட்டது. நகரை நிர்வகிக்க அமைத்த ராணுவ நிர்வாகக் குழு இங்கேதான் உட்கார்ந்தது. காவலும் ஒழுங்கும் தானாகவே வந்துவிட்டன.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிய காரணமாகப் படுகிறது. 1975 நவம்பர் 15 முதல் 21 வரை, வடக்கையும் தெற்கையும் ஒரே நாடாக இணைப்பது பற்றிய அரசியல் ஆலோசனை மாநாட்டை இந்த மாளிகையின் மண்டபத்தில் நடத்தினார்கள். அதற்குப் பிறகு இது தோற்றவரின் வீடு என்ற நிலையிலிருந்து நாடு ஒன்றான இடம் என்ற நிலைக்கு மாறியது. மறு ஒருங்கிணைப்பு மண்டபம் என்ற பெயரும் சேர்ந்தது. வென்றவர்களுக்கு இந்தக் கட்டடத்தில் தங்கள் பங்கு என்று ஒன்று கிடைத்தபின் அதைக் காப்பது அவர்களுடைய வேலையும் ஆகிவிட்டது. 1976-இலேயே தேசிய நினைவுச்சின்னம். 2009-இல் சிறப்புத் தேசிய நினைவுச்சின்னங்களின் முதல் பட்டியலில் வந்த பத்தில் இதுவும் ஒன்று.

தலைநகரம் ஹனோயிலேயே இருந்ததும் உதவியது என்று நினைக்கிறேன். இங்கே யாரும் குடிவர வேண்டிய தேவை எழவில்லை. குடிவந்திருந்தால் திரைச்சீலையும் நாற்காலியும் தரைவிரிப்பும் பத்தாண்டுக்கு ஒருமுறை மாறியிருக்கும். யாரும் வாழாததால் 1960-களின் தளவாடங்கள் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டன. இன்று நவீனக் கட்டடக்கலையைப் படிக்கிறவர்களுக்கு இது பெரிய கொடை. இதே காலத்தில் உலகில் வேறு சில நவீன இல்லங்களும் தலைவர்களுக்காகக் கட்டப்பட்டன. பிரேசிலியாவில் 1958-இல் ஒன்று. அதில் இன்றும் குடியரசுத் தலைவர்களே வாழ்கிறார்கள். மேற்கு ஜெர்மனியின் பான் நகரில் 1964-இல் ஒன்று. அதில் அடுத்தடுத்து வந்தவர்கள் தங்கள் ரசனைக்கு உள்ளே மாற்றிக்கொண்டே போனார்கள். உள்ளும் புறமும் ஒரே காலத்துக்குரியதாக நிற்பதில் சைகோன் மாளிகைக்கு ஈடு சொல்வது கடினம்.

வருகையாளர் என்ன பார்க்கிறார்?

1990 வாக்கிலிருந்து பொதுமக்கள் உள்ளே வரலாம். அரசு மாநாடுகளும் வரவேற்புகளும் இன்னும் இங்கே நடப்பதால் அந்த நாட்களில் சில பகுதிகளை மூடிவிடுவார்கள்; போகிறவர்கள் முன்கூட்டி விசாரித்துக்கொள்வது நல்லது. காலையிலேயே போய்விடுங்கள். கல் திரை வேலை செய்வதைப் பார்க்க அதுதான் நேரம்.

வழி இப்படி: கீழ்த்தள மண்டபங்கள், மேலே அலுவல் அறைகள், குடும்பப் பகுதி, மொட்டைமாடி, பிறகு நேரே அடித்தளத்துக்கு இறக்கம். பெரும்பாலான அறைகளின் வாசலில் கயிறு. வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த அறைக்கு நகர வேண்டும். தரைவிரிப்பையும் மரச் சாமான்களையும் காக்க அது தேவைதான், புரிகிறது. ஆனால் இதன் விளைவு ஒன்றைக் கவனிக்க வேண்டும். வருகையாளரின் கண் எப்போதும் அறைக்குள் திரும்பியே இருக்கிறது. அவர் நின்றுகொண்டிருக்கும் தாழ்வாரம், இந்தக் கட்டடத்தின் மிகச் சிறந்த பகுதி, அவருக்கு வெறும் நடைபாதையாகிவிடுகிறது. அறைப் பலகைகள் யார் எங்கே உட்கார்ந்தார் என்று சொல்கின்றன. ஏன் இங்கே காற்று வருகிறது என்பதை எந்தப் பலகையிடம் கேட்பது?

இதைச் சரிசெய்யும் முயற்சி நடந்ததையும் சொல்ல வேண்டும். 2018-இல் வளாகத்துக்குள் இருக்கும் ஒரு பழைய பங்களாவில், நொரோடம் மாளிகையிலிருந்து சுதந்திர மாளிகை வரை என்ற பெயரில், 1868 முதல் 1966 வரையான வரலாற்றைச் சொல்லும் நிரந்தரக் கண்காட்சியைத் திறந்தார்கள். நல்ல வேலை. பழைய படங்கள், நகரத்தின் வளர்ச்சி, வியெட் துவின் வடிவமைப்பு எல்லாம் பொறுமையாக அடுக்கியிருக்கிறார்கள். அதை முதலில் பார்த்துவிட்டு மாளிகைக்குள் போகிறவர் வேறு ஆளாகப் போவார். சிக்கல் என்னவென்றால் அது தனிக் கட்டடத்தில் இருக்கிறது. நேரம் இல்லாதவர்கள் அதைத்தான் முதலில் விடுகிறார்கள். சுற்றுலாக் குழுக்களுக்கு எப்போதும் நேரம் இல்லை.

என் கோரிக்கை சின்னதுதான். கல் திரைக்குப் பின்னால் இருக்கும் தாழ்வாரத்தில் உட்கார இரண்டு மூன்று பெஞ்சுகள். திரையின் வெட்டுத்தோற்றத்தைக் காட்டும் ஒரு பலகை: வெயில் எந்தக் கோணத்தில் வருகிறது, எங்கே நிற்கிறது, காற்று எப்படிப் போகிறது என்று. முடிந்தால் கையால் தொட்டுப் பார்க்க ஒரு கல் துண்டின் மாதிரி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நிறைய வருகிற இடம் இது. டாங்கியின் எண்ணைப் போலவே திரையின் சூத்திரமும் அவர்களுக்குத் தெரிந்தால், நாளைக்கு வீடு கட்டும்போது உபயோகப்படும்.

இன்னொரு குறையும் இருக்கிறது. இந்த வீட்டில் ஆண்டவர்கள் மட்டும் இருக்கவில்லை. அடித்தளத்தில் இரவெல்லாம் வானொலி கேட்டவர்கள், தட்டச்சு செய்தவர்கள், அந்தப் பெரிய பாத்திரங்களில் சமைத்தவர்கள், தோட்டம் பார்த்தவர்கள் இருந்தார்கள். அவர்களில் பலர் இன்று முதியவர்களாக இருப்பார்கள். கருவிகள் எல்லாம் பத்திரமாக இருக்க, அவற்றை இயக்கிய கைகளைப் பற்றி அறைகள் பேசுவதில்லை. அந்த நினைவுகளைக் கேட்டுப் பதிவு செய்து அந்தந்த அறையில் வைக்க இன்னும் ரொம்பக் காலம் இல்லை.

தமிழ் வாசகருக்கு ஒரு பக்கக் குறிப்பு. மாளிகையிலிருந்து நடக்கும் தூரத்தில், ட்ருவோங் டின் தெருவில், மாரியம்மன் கோயில் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் நாட்டுக்கோட்டை நகரத்தாரும், புதுச்சேரி, காரைக்காலிலிருந்து அரசு வேலைக்கு வந்தவர்களும் இந்த நகரில் வாழ்ந்தார்கள். நகரத்தார் எழுப்பிய தெண்டாயுதபாணி கோயிலும் இன்னும் நிற்கிறது. மாரியம்மன் கோயிலில் இன்று கூட்டமாக வந்து ஊதுபத்தி ஏற்றுகிறவர்கள் வியட்நாமியர்களும் சீனர்களும்தான். மாளிகை பார்த்த கையோடு அங்கேயும் ஒரு நடை போய்வரலாம்.

பட்டியலில் எழுதியிருப்பது என்ன?

2009-இன் பட்டியலில் மாளிகை வரலாற்று நினைவுச்சின்னம் என்ற வகையில் இருக்கிறது. கட்டடக்கலைக்கு அங்கே தனி வகை உண்டு. ஹுவே நகரின் அரண்மனைத் தொகுதி அதில் வருகிறது. வகையில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். மாளிகையைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் இல்லைதான், எந்த வகையில் வைத்தாலும் அதை யாரும் இடிக்கப் போவதில்லை. வித்தியாசம் அதன் உடன்பிறப்புகளுக்கு.

இதே கல் திரை அறிவோடு, இதே ஆண்டுகளில், சைகோனில் எத்தனையோ குடியிருப்புகளும் அலுவலகங்களும் பள்ளிகளும் எழுந்தன. வியெட் துவே தலாத் நகரின் அணு ஆராய்ச்சி மையத்தையும் ஹுவேயின் பூ காம் தேவாலயத்தையும் வரைந்தார். பெயர் தெரியாத கட்டடக் கலைஞர்கள் கட்டிய கடைவீடுகள் தெருத் தெருவாக இருந்தன. மாளிகையைக் காத்த காரணம் ஒரு நாளின் நிகழ்ச்சி என்று எழுதிவைத்திருக்கும்வரை அந்தக் கடைவீடுகளுக்கு அந்தக் காரணம் பொருந்தாது. அங்கே எந்த டாங்கியும் நுழையவில்லை. அவற்றில் பல ஏற்கெனவே உயரக் கட்டடங்களுக்கு இடம்விட்டுப் போய்விட்டன.

ஆகவே மாளிகையின் பதிவில் ஒரு வரி சேர வேண்டும்: வெப்பநாட்டு நவீனக் கட்டடக்கலையின் சான்று என்ற வரி. அது சேர்ந்தால், அதே அறிவோடு கட்டிய மற்றவற்றையும் கணக்கெடுக்கச் சொல்லி நகராட்சியிடம் கேட்க ஒரு பிடி கிடைக்கும். உள்ளூர்க் கட்டடக்கலை மாணவர்களும் புகைப்படக்காரர்களும் சில காலமாகவே தெருத் தெருவாக நடந்து அந்த முகப்புகளைப் படம் எடுத்துச் சேர்த்துவருகிறார்கள். கணக்கெடுப்பை அவர்கள் சேர்த்துவைத்த படங்களிலிருந்தே தொடங்கலாம்.